‘அவன் கையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்’

வாசகர் கடிதம்: சுருக்கம்

வேளச்சேரியிலிருந்து எழுதியிருக்கும் வாசகருக்கு வயது 33. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. மனைவி பள்ளி ஆசிரியை. நான்கு வயதில் ஒரு மகள். 2020 ஊரடங்கில் பொழுது போகாமல் கைப்பேசியில் போக்கர் ஆடத் தொடங்கியவர். 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் செயலிகள் நின்றுபோனதும் ஆட்டம் மேடவாக்கத்தில் ஒரு நண்பரின் ஃபிளாட்டுக்கு மாறியது. சனிக்கிழமை இரவு, எட்டுப் பேர், ஆறு மணி நேரம். வீட்டுக்காரர் ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் மொத்தப் பந்தயப் பணத்தில் (பாட்) 5 சதவீதத்தை ‘ஏசிக்கும் பிரியாணிக்கும்’ என்று எடுத்துக்கொள்கிறார். 500 ரூபாயோடு உட்கார ஆரம்பித்தவர் இப்போது 5,000 ரூபாயோடு உட்காருகிறார்.

ஓராண்டில் போனது ஏறக்குறைய 1,80,000 ரூபாய். அலுவலக நண்பர் ஒருவரிடம் 70,000 கைமாற்று. அது போக, மேசையில் தோற்ற வகையில் கல்லூரித் தோழர் ஒருவருக்கு 40,000 பாக்கி. அவரை பாலா என்று வைத்துக்கொள்வோம் (பெயர் மாற்றப்பட்டது). மனைவிக்குத் தெரிந்தது 30,000 மட்டும்.

கடிதத்தின் முக்கால்வாசி ஒரே ஓர் ஆட்டத்தைப் பற்றியது. ஒவ்வொருவருக்கும் பிறர் பார்க்க முடியாத இரண்டு சீட்டு, எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. 25–50 மேசை, அதாவது ஆட்டம் தொடங்கும்போதே இருவர் கட்டாயமாக 25-ம் 50-ம் வைக்க வேண்டும். வாசகர் கையில் கிளாவர் ஏஸ், டைமண்ட் ராணி. அவர் 150 ஆக ஏற்ற, பாலா மட்டும் கூட வருகிறார். பொதுச்சீட்டு மூன்று விழுகிறது: ஸ்பேட் ராணி, ஸ்பேட் ஒன்பது, ஹார்ட் நான்கு. வாசகர் 200 வைக்கிறார், பாலா கால் (அதே தொகையைத் தானும் வைத்துத் தொடர்வது). நான்காவது சீட்டு டைமண்ட் இரண்டு. வாசகர் 450; பாலா மறுபடி கால். ஐந்தாவதாக ஸ்பேட் ஏழு விழுந்ததும், அதுவரை பின்னாலேயே வந்துகொண்டிருந்த பாலா தானே முந்திக்கொண்டு 1,600 வைக்கிறார். அப்போது நடுவில் கிடந்தது 1,625. சில்லுகளைத் தள்ளும்போது பாலாவின் கை நடுங்கியதாம். ‘பொய் சொல்கிறான், பிடித்துவிட்டேன்’ என்று வாசகர் கால் செய்கிறார் (நல்ல சீட்டு இல்லாமலே பெரிய தொகை வைத்து மிரட்டுவதுதான் இங்கே பொய்). பாலா காட்டியது ஸ்பேட் பத்தும் எட்டும். ஃப்ளஷ், அதாவது ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு; வாசகரின் ராணி ஜோடியை அது அடித்துவிடும்.

“பள்ளிக்கரணை சிக்னலில் வண்டியை நிறுத்தினால்கூட அந்த ஆட்டம்தான் சார் ஓடுகிறது. நான் எங்கே தப்பாகப் படித்தேன்? சென்னை உயர் நீதிமன்றமே இது திறமை விளையாட்டு என்று சொல்லிவிட்டது. குகேஷ் ஆடினால் ஊரே கொண்டாடுகிறது, நான் ஆடினால் சூதா? மனைவி அடிமையாகிவிட்டாய் என்கிறாள். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? பாலா 40,000-க்கு செக் கேட்கிறான், இல்லாவிட்டால் மாமனாரிடம் சொல்லிவிடுவேன் என்கிறான். சட்டப்படி நான் கொடுக்க வேண்டுமா?” இவை அவருடைய கேள்விகள்.

மனநல ஆலோசகரின் பதில்

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் ஒழுங்கான ஆள் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. பாலா கடைசிச் சீட்டில் பெரிய தொகை வைத்து, நீங்கள் கால் செய்த 11 ஆட்டங்களைத் தேதி போட்டு எழுதி, நோட்டுப் புத்தகத்தின் படத்தையும் அனுப்பியிருக்கிறீர்கள். இந்தப் பிரச்சினையோடு வருபவர்களில் பெரும்பாலோர் கணக்கே வைத்திருக்க மாட்டார்கள். அதனால் நானும் ‘சீட்டாட்டம் குடும்பத்தைக் கெடுக்கும்’ என்று ஒற்றை வரியில் முடிக்கப் போவதில்லை. நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கு, நீங்கள் கேட்ட விதத்திலேயே பதில் சொல்கிறேன். போக்கர் ஆடுபவர்கள் பலர் என்னிடம் வருவதால் அந்தக் கணக்கை நானும் படித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

முதலில் அந்த நடுங்கிய கை. கை நடுங்கினால் பொய் என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். பொய் சொல்பவர் பெரும்பாலும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டு அசையாமல்தான் உட்காருவார். நல்ல சீட்டு வந்து சேர்ந்த பரபரப்பில் அட்ரினலின் ஏறித்தான் விரல் ஆடும். அனுபவப்பட்ட ஆட்டக்காரர்கள் நடுங்கும் கையைப் பார்த்தால் விலகிப் போவது இதனால்தான். ஆனால் இதையும் ஒரு புதிய விதியாகப் பிடித்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமை போய் உட்கார்ந்துவிடாதீர்கள். 2017-ல் லிப்ராடஸ் என்ற கணினி நிரல் பிட்ஸ்பர்க்கில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1,20,000 ஆட்டங்கள் ஆடி ஜெயித்தது. அது யார் முகத்தையும் பார்க்கவில்லை, யார் கையும் நடுங்கியதா என்று கவனிக்கவில்லை. பந்தயத் தொகையையும் வரிசையையும் மட்டுமே பார்த்தது. எதிராளியைப் படிப்பதில் கணிசமான பங்கு அங்கேதான் இருக்கிறது.

எண்ணிப் பார்ப்போம்

‘பாலா கையில் என்ன இருந்தது?’ என்று கேட்கிறீர்கள். ‘இப்படி ஆடிக்கொண்டு வந்த பாலாவிடம் என்னென்ன இருந்திருக்கலாம்?’ என்று கேட்டிருந்தால் அன்று இரவே விடை கிடைத்திருக்கும். உங்கள் இரண்டு சீட்டும் ஐந்து பொதுச்சீட்டும் போக மிச்சம் 45 சீட்டு. அதிலிருந்து இரண்டை 990 விதமாக எடுக்கலாம். ஆனால் பாலா சும்மா இரண்டு சீட்டை வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. முதலில் உங்கள் 150-க்குக் கூட வந்தார், பிறகு 200-க்கு, அப்புறம் 450-க்கு. ஒவ்வொரு முறை கால் செய்தபோதும் அந்த 990 சுருங்கிக்கொண்டே வந்தது.

ஃப்ளஷ் வந்திருக்கக்கூடிய கைகளை எண்ணுங்கள். தரையில் மூன்று ஸ்பேட் போக மிச்சம் பத்து. ஏஸும் ராஜாவும் சேர்ந்து வந்திருந்தால் பாலா தொடக்கத்திலேயே மறுபடி ஏற்றியிருப்பார் என்று வைத்து அதை விட்டுவிடலாம். ஏஸோடு ஜாக், பத்து, எட்டு, ஆறு, ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு: எட்டுக் கைகள். ராஜாவோடு ஜாக், பத்து, எட்டு: மூன்று. ஜாக்–பத்து, ஜாக்–எட்டு, பத்து–எட்டு, எட்டு–ஆறு, ஆறு–ஐந்து, ஐந்து–நான்கு: ஆறு. ஆக 17. ஒரே எண்ணில் மூன்று சீட்டு, இரண்டு ஜோடி இவற்றையெல்லாம் நான் சேர்க்கவில்லை. அவை இருந்திருந்தால் முன்பே ஏற்றியிருப்பார். சேர்த்தாலும் உங்கள் ஒற்றை ராணி ஜோடி அவற்றிடமும் தோற்கத்தான் செய்யும்.

சரி, பொய்யாக வைக்க அவரிடம் என்ன இருந்திருக்கும்? ஜாக்கும் பத்தும். எட்டோ ராஜாவோ வந்தால் ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து சீட்டு) என்று காத்திருந்து, கடைசியில் ஒன்றும் வராமல் போன கை. நான்கு ஜாக், நான்கு பத்து, மொத்தம் 16 ஜோடி. இரண்டும் ஸ்பேடாக உள்ள ஒன்றை ஏற்கெனவே ஃப்ளஷில் எண்ணிவிட்டோம். மிச்சம் 15. இதைவிடச் சிறிய காத்திருப்புகள் சில உண்டு, அவற்றை விடுங்கள்.

இப்போது விலை. நீங்கள் 1,600 போட்டு, நடுவில் கிடந்த 1,625-ம் பாலாவின் 1,600-ம் சேர்ந்த 3,225 ஐ எடுக்கப் பார்க்கிறீர்கள். உங்கள் பணமும் சேர்ந்தால் மொத்தம் 4,825; 1,600 ஐ 4,825 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 33 சதவீதம். மூன்றில் ஒரு முறை நீங்கள் சரியாக இருந்தால் போதும், கையைக் கடிக்காது. 17 ஃப்ளஷுக்கு எதிராக அந்த விகிதம் வர வேண்டுமானால், 15 ஜாக்–பத்தில் ஒன்பதையாவது பாலா பொய்யாக வைப்பவராக இருக்க வேண்டும். ஆக உங்கள் கேள்வி கடைசியில் இப்படி வந்து நிற்கிறது: ஜாக்–பத்து தவறிப்போன நேரத்தில், பாதிக்கு மேல் 1,600 ஐத் தூக்கிப் போடும் ஆளா பாலா?

இதில் உங்கள் சொந்தச் சீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. உங்களிடம் கிளாவர் ஏஸுக்குப் பதில் ஸ்பேட் ஏஸ் இருந்திருந்தால் அந்த எட்டு ஏஸ் ஃப்ளஷும் பாலாவிடம் இருக்கவே முடியாது. 17 என்பது 9 ஆகிவிடும். ஐந்து பொய் இருந்தாலே கால் செய்வது நியாயம். அதே ராணி ஜோடி, அதே 1,600, ஆனால் முடிவு வேறு. நீங்கள் இரண்டு பக்கம் எழுதிய கடிதத்தில் உங்கள் ஏஸ் என்ன ஜாதி என்பதை ஒரே ஒரு முறை, போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். பாலாவின் விரலைப் பற்றி ஏழு வரி இருக்கிறது.

பாலா உங்களைப் படித்துவிட்டார்

உங்கள் நோட்டுக்கு வருவோம். 11 ஆட்டங்களில் ஒன்பதில் பாலாவிடம் உண்மையான கை. இரண்டில் பொய். மூன்றில் ஒன்று தேவைப்படும் இடத்தில் உங்களுக்குக் கிடைத்தது ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. எல்லாம் அந்த 1,600 அளவு என்று வைத்துக்கொண்டால், ஜெயித்த இரண்டில் ஏறக்குறைய 6,400 வந்தது, தோற்ற ஒன்பதில் 14,400 போனது. நிகரம் ஏறக்குறைய 8,000 நஷ்டம். சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒரு டீ குடித்திருந்தால் அந்த 8,000 உங்கள் பையில் இருந்திருக்கும். 11 என்பது சின்ன எண்ணிக்கைதான், அதை வைத்து யாரையும் தூக்கில் போட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தேதிகளைப் பார்த்தீர்களா? அந்த இரண்டு பொய்களும் முதல் மாதத்தில் நடந்தவை. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. நீங்கள் அந்த இரண்டையும் பாலாவின் குணம் என்று மனதில் பதித்துக்கொண்டீர்கள். அவரோ அந்த இரண்டு முறையும் நீங்கள் விடவில்லை என்பதைப் பதித்துக்கொண்டார். பாட் அளவுக்குப் பொய் வைப்பவருக்கு எதிராளி இரண்டில் ஒரு முறையாவது சீட்டைப் போட வேண்டும், அப்போதுதான் கட்டுபடியாகும். “சந்தேகம் வந்துவிட்டால் நான் விடவே மாட்டேன்” என்று நீங்களே பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். விடவே மாட்டாத ஒருவரிடம் பொய் வைப்பது முட்டாள்தனம். பாலா முட்டாள் இல்லை. நல்ல சீட்டு வரும்வரை காத்திருக்கிறார், வந்ததும் பெரிதாக வைக்கிறார், நீங்கள் கொடுக்கிறீர்கள். அந்த 15 ஜாக்–பத்தில் அவர் உங்களிடம் பொய்யாக வைப்பது ஒன்றோ இரண்டோ இருக்கலாம். ஒன்பது நிச்சயம் இல்லை. மேசையில் உங்கள் இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் கணக்கு மாறியிருக்கலாம்.

இன்னொன்று. நீங்கள் ஃபோல்டு செய்த (சீட்டைக் கவிழ்த்து விலகிய) ஆட்டம் ஒன்றுகூட அந்த நோட்டில் இல்லை. பார்த்த சீட்டுகளை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அதுவும் தோற்ற அன்று இரவு நீளமாக, ஜெயித்த அன்று ஒரு வரி. ‘1,200 வந்தது, சூப்பர்’ என்று ஓரிடத்தில் இருக்கிறது. அந்த 1,200 வந்த ஆட்டத்தில் நீங்கள் சரியாகத்தான் ஆடினீர்களா என்று யார் பார்த்தது? ஜெயித்தால் திறமை, தோற்றால் பாலாவைப் படிக்கத் தவறியது என்று வைத்துக்கொண்டால் எந்த ஆட்டமும் எதையும் கற்றுத்தராது.

நஷ்டத்தில் ஒரு பகுதிக்கும் பாலாவுக்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். அந்த 5 சதவீதத்தைக் கொஞ்சம் பாருங்கள். மணிக்கு 25 ஆட்டம், சராசரி 600 ரூபாய் பாட் என்று குறைவாகவே வைப்போம். ஆட்டத்துக்கு 30 ரூபாய், மணிக்கு 750, ஆறு மணி நேரத்தில் 4,500. எட்டுப் பேரும் சம திறமைசாலிகளாக இருந்தாலும் தலைக்கு 560 ரூபாய்க்கு மேல் ஒவ்வொரு சனிக்கிழமையும் மேசையை விட்டுப் போகிறது. எட்டுப் பேருக்கு மேடவாக்கத்தில் பிரியாணி 4,500 ஆகாது. அந்த வீட்டில் தோற்காமல் எழுந்திருக்கும் ஒரே ஆள் யார் என்று யோசித்தால், எதிராளி என்று நீங்கள் தேட வேண்டியவர் சீட்டே கையில் எடுக்காதவர் என்று புரியும்.

குகேஷ், நீதிமன்றம், நீங்கள்

குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் அப்போதைய உலக சாம்பியன் டிங் லிரெனை வென்றபோது டிங்கின் எல்லாக் காய்களும் குகேஷின் கண் முன்னால் இருந்தன. ஒளித்து வைத்த காய் என்று சதுரங்கத்தில் எதுவும் இல்லை. உங்களைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடுபவர் பத்து ஆட்டம் ஆடினால் பெரும்பாலும் அவரே ஜெயிப்பார். போக்கரில் உங்களைவிட நன்றாக ஆடுபவர் மாதக் கணக்கில் தோற்கலாம், மோசமாக ஆடுபவர் மாதக் கணக்கில் ஜெயிக்கலாம். திறமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது வெளியே தெரிய ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆகும். அதற்குள் ஒருவர் தன்னைப் பற்றி எதை வேண்டுமானாலும் நம்பிக்கொள்ளலாம். அந்த இடைவெளியில்தான் என்னிடம் வருபவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

நீதிமன்றத் தீர்ப்பை நீங்கள் பாதி சரியாகச் சொன்னீர்கள். தமிழ்நாடு அரசு 2023 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலில் வைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை நிற்கவிட்டு, அந்தப் பட்டியலை மட்டும் நீக்கியது. இரண்டும் திறமை விளையாட்டுகள் என்றது. பிறகு 2025-ல் மாநில ஒழுங்குமுறைகள் வந்தன: நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும் என்றெல்லாம். அவற்றையும் உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் ஏற்றது. அந்த ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாட்டையே எடுத்துவிட்டு, ஆன்லைனில் பணம் வைத்து ஆட வைப்பதையே தடை செய்தது. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை கிடையாது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. டெலிகிராமில் வெளிநாட்டுச் செயலி லிங்க் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள், தொடாதீர்கள். பணம் உள்ளே மாட்டிக்கொண்டால் கேட்க நாதி இருக்காது.

வீட்டு ஆட்டத்துக்கு வேறு சட்டம். 1888-ன் சென்னை நகரக் காவல் சட்டமும் 1930-ன் சூதாட்டச் சட்டமும் திறமை விளையாட்டுக்கு விலக்கு தருகின்றன. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொல்லிவிட்டது. ஆனால் அதே தீர்ப்பில், வீட்டுக்காரரோ கிளப்போ ஆட்டத்திலிருந்து லாபம் பார்த்தால் குற்றமாகலாம் என்றும் சொன்னது. மேடவாக்கத்து 5 சதவீதம் அந்த இடத்தில்தான் உதைக்கிறது. போலீஸ் வந்தால் உள்ளே உட்கார்ந்திருப்பவர் பெயரும் சேர்த்தே எழுதப்படும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இவ்வளவும் சட்டம். உங்கள் மனைவி கேட்பது சட்டம் இல்லை. திறமை விளையாட்டு என்று நீதிபதி சொல்வதும், அதை உங்களால் நிறுத்த முடிகிறதா என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். மனநல மருத்துவத்தில் சூதாட்டக் கோளாறைப் பார்க்கும்போது விளையாட்டில் எவ்வளவு திறமை வேண்டும் என்று கேட்பதில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013 வரையறையில் ஒன்பது அறிகுறிகள் உண்டு. ஓராண்டுக்குள் நான்கு இருந்தால் கவனிக்க வேண்டும். தொகை ஏறிக்கொண்டே போவது (500 இப்போது 5,000), மனம் எந்நேரமும் அதிலேயே ஓடுவது (பள்ளிக்கரணை சிக்னல்), விட்டதைப் பிடிக்க அடுத்த வாரம் போவது, வீட்டில் மறைப்பது, பணத்துக்குப் பிறரை நாடுவது. உங்கள் கடிதத்திலிருந்து மட்டும் நான் எடுத்தது ஐந்து. கடிதத்தைப் படித்து யாருக்கும் நோய் என்று எழுதித் தர முடியாது, நானும் தரவில்லை. ஆனால் உங்கள் மனைவி சொன்னதைக் கோபத்தில் சொன்ன வசை என்று தள்ளிவிடவும் முடியாது.

பாலாவின் 40,000

செக் கொடுக்காதீர்கள். புரோநோட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். பந்தய ஒப்பந்தம் செல்லாது என்று 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவு சொல்கிறது. மேசையில் ஜெயித்த பணத்துக்காக பாலா நீதிமன்றம் போக முடியாது. ஆனால் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்று அவர் கையில் போய்விட்டால், அது எதற்கான பணம் என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் வந்து விழும். செக் திரும்பினால் வரும் வழக்கு தனித் தலைவலி. கொடுப்பதா வேண்டாமா என்பதை நீங்கள் நட்பை வைத்து முடிவு செய்யலாம், அது உங்கள் விருப்பம். கொடுப்பதானால் தவணையாக, வங்கி வழியாக, ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். அலுவலக நண்பரின் 70,000 வேறு விஷயம். அவர் உங்களோடு ஆடவில்லை, கைமாற்றாகக் கொடுத்தவர். அதைத் திருப்பித்தான் ஆக வேண்டும், முதலில் அடைக்க வேண்டியதும் அதுவே.

மாமனாரிடம் சொல்லிவிடுவேன் என்ற மிரட்டலுக்கு உயிர் இருப்பது, வீட்டில் 30,000 என்று நீங்கள் சொல்லியிருப்பதால்தான். மனைவிக்கு 1,80,000-ம் தெரிந்துவிட்டால் பாலாவிடம் மிரட்ட ஒன்றும் இல்லை.

வீட்டில் என்ன சொல்வது

‘அவளுக்கு எப்படிப் புரியவைப்பது’ என்று கேட்டீர்கள். போக்கரைப் புரியவைக்க வேண்டாம். ஃப்ளஷ், ஸ்ட்ரெய்ட், குகேஷ், உயர் நீதிமன்றம் எதுவும் வேண்டாம். மகள் தூங்கிய பிறகு, ஒரு ஞாயிறு மாலை, கணக்கை வைத்துப் பேசுங்கள்: மொத்தம் எவ்வளவு போனது, யாருக்கு எவ்வளவு பாக்கி, சம்பளத்தில் மாதம் எவ்வளவு அடைக்க முடியும். ஒரு ரூபாய்கூட மறைக்காமல். பாதியைச் சொல்லிவிட்டு மிச்சத்தை அடுத்த மாதம் சொல்வதுதான் இதில் இருப்பதிலேயே மோசமான வழி. இரண்டாவது முறை கேட்கும்போது மூன்றாவது எப்போது என்றுதான் அவருக்குத் தோன்றும். அவர் கத்தலாம், இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம். அந்த மௌனத்துக்குள் என்ன இருக்கிறது என்று எண்ணிப் படிக்க உட்காராதீர்கள், கேளுங்கள்.

சனிக்கிழமைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தொகைக்கு எல்லை வைத்து ஆடுவது: 500 மட்டும், போனால் எழுந்துவிடுவது. சிலருக்கு இது நடக்கும். ஆனால் நீங்கள் ஏற்கெனவே 2,000 என்று எல்லை வைத்து மூன்றாவது வாரமே 5,000 போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் உங்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாவது, ஆறு மாதத்துக்குப் பணம் வைத்த ஆட்டமே இல்லை. அந்த வீட்டுக்குப் போவதும் இல்லை, ஆன்லைனும் இல்லை, நோட்டும் மூடி. புளியங்கொட்டை வைத்து ஆடலாமே என்று கேட்பீர்கள். மற்ற நண்பர்களோடு, பிறகு எப்போதாவது ஆடலாம். அந்த மேசையில், அந்த எட்டுப் பேரோடு, பாலா எதிரில் உட்கார்ந்திருக்கும்போது புளியங்கொட்டை பதினைந்து நிமிடம் தாங்காது.

நிறுத்திய முதல் சில வாரங்கள் எரிச்சலும் தூக்கமின்மையும் இருக்கும். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல் கை பரபரக்கும். அந்த நேரத்துக்கு வேறு ஏதாவது ஒன்றை, முடிந்தால் வீட்டுக்கு வெளியே, முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சம்பளக் கணக்கின் யுபிஐ வரம்பைக் குறைத்து, அட்டையை ஆறு மாதத்துக்கு மனைவியிடம் கொடுங்கள். இது தண்டனையில்லை. இரவு பதினொரு மணிக்கு எடுக்கும் முடிவு எதுவும் உங்கள் கையில் இல்லாமல் இருப்பதற்காகத்தான்.

நிறுத்த முயன்று முடியாமல் போனால் நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் புறநோயாளிகள் பிரிவுக்குப் போகலாம். போக வெட்கமாக இருந்தால் முதலில் 14416 என்ற டெலி மனாஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் பேசுங்கள். இலவசம், எந்நேரமும், தமிழில் பேசலாம். கடன் நெருக்கும்போது எல்லாம் முடிந்துவிட்டால் தேவலை என்று ஒரு கணம் தோன்றினால்கூட அன்றைக்கே அந்த எண்ணை அழையுங்கள். மருத்துவரை நேரில் பார்க்கப் போகும்போது அந்த நோட்டையும் கடந்த ஓராண்டின் வங்கிக் கணக்கு அறிக்கையையும் எடுத்து வரச் சொல்வார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நோட்டில் இல்லாத சனிக்கிழமைகள் எவை என்று முன்பே குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.